தலையீற்று முயலின் சினையும் ஈற்றும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

முதன்முறை சினையான முயல் எதைச் செய்தாலும் வளர்ப்பவருக்குப் படபடப்புத்தான். முடியைப் பிடுங்கினாலும் பயம், பிடுங்காவிட்டாலும் பயம். இவற்றில் பல, ஒன்றுமே செய்யாமல் விட்டால் தாமாகச் சரியாகும். சில, அன்றே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டியவை. எது எந்த வகை என்று சொல்வது பெரும்பாலும் இணை சேர்ந்த தேதிதான். 17 ஆம் நாளில் முடி பிடுங்குவதும் 30 ஆம் நாளில் முடி பிடுங்குவதும் ஒன்றல்ல.

பெண் முயலுக்குக் கருமுட்டை வெளிப்படுவது இணை சேர்ந்த பிறகுதான், சுமார் 10 முதல் 13 மணி நேரத்தில். ஆகவே சேர்ந்த தேதி தெரிந்தால் கணக்கு பெரிதாகத் தவறாது. சராசரிச் சினைக்காலம் 31 நாள். ஓரிரு நாள் முன்பின் ஆவது இயல்பு. தேதியைக் கூண்டின் மேலேயே எழுதிக் கட்டிவிடுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கிடந்தால் தேதியும் தெரியாது, வேறு தொல்லைகளும் வரும். முதல் வேலையாக ஆணைப் பிரித்துவிடுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் வயிறு தெரியவில்லை

வயிற்றின் பருமனைப் பார்த்துச் சினையைச் சொல்ல முடியாது. நன்றாகத் தின்ற முயலுக்கும் வயிறு பருக்கும். தலையீற்றில் இரண்டு மூன்று குட்டிகள் மட்டும் இருந்தால் கடைசி நாள் வரை வெளியே தெரியாமலே போகலாம்.

12 முதல் 14 ஆம் நாளுக்குள் தடவிப் பார்க்கலாம். முயலைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, மற்றக் கையைப் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றின் அடியில் கொடுத்து, கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரு பக்கமும் இருக்கும்படி மெல்ல வருடுங்கள். சினையிருந்தால் திராட்சை அளவில், வழுக்கி நகரும் உருண்டைகள் தட்டுப்படும். குடலில் உள்ள புழுக்கைகள் இவற்றைவிடச் சிறியவை, கெட்டியானவை, முதுகெலும்பை ஒட்டி இருப்பவை. பழக்கமில்லாதவர்கள் பெரும்பாலும் இந்தப் புழுக்கைகளைத்தான் குட்டி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் சினை என்றே வைத்துக்கொண்டு 28 ஆம் நாளில் பெட்டி வைத்துவிடுவது நல்லது. வீணாகப் பெட்டி வைத்தால் நட்டமில்லை, வைக்காமல் விட்டால் குட்டிகள் போய்விடும்.

சினையா என்று பார்க்க மறுபடி ஆணிடம் விடும் வழக்கம் ஒன்று உண்டு. அது வேண்டாம். சினையான முயல் சில சமயம் ஆணை ஏற்றுக்கொள்ளும், ஆகவே அதிலிருந்து எதுவும் தெரியாது. துரத்தலிலும் கடியிலும் காயம்தான் மிச்சம்.

16 முதல் 18 நாளுக்குள் முடி பிடுங்கிக் கூடு கட்டுகிறது

இது பொய்ச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். கருமுட்டை வெளிப்பட்டும் கரு தங்காதபோது உடல் சினை போலவே நடந்துகொள்ளும். மடி லேசாகப் பருக்கும், முயல் சிடுசிடுக்கும், வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலையும். மருந்து எதுவும் வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆணின் பக்கமே போகாத முயலுக்கும் இது வரும். வேறொரு பெண் முயல் மேலே ஏறினாலே போதும்.

கவனிக்கவேண்டியது ஒன்று: நீண்ட முடி உள்ள இனங்கள் பிடுங்கிய முடியை விழுங்கும். அந்த நாட்களில் உலர்புல் தாராளமாக இருக்கட்டும். பொய்ச்சினை அடங்கியதும் முயல் மறுபடி இணை சேரத் தயாராகிவிடும்.

சினைக்காலத்தில் கூண்டில் சிவப்புக் கறை

முதலில் அது சிறுநீரா இரத்தமா என்று பாருங்கள். தீவனத்தில் உள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் செம்மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ மாறுவது சாதாரணம். அப்போது முழுச் சிறுநீரும் ஒரே நிறமாக இருக்கும், முயலும் வழக்கம்போல் தின்னும். துளித்துளியாக, கட்டியாக, பிறப்புறுப்பைச் சுற்றி முடியில் ஒட்டியிருந்தால் இரத்தம்.

சினையின் முற்பாதியில் கரு அழிந்தால் பெரும்பாலும் உடலே உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அழிந்தால்தான் வெளியே தள்ளும். பூஞ்சணம் பிடித்த தீவனம், கடும் வெப்பம், திடீர் அச்சம், தூக்கும்போது வயிற்றில் பட்ட அடி, நோய்த்தொற்று ஆகியவை காரணமாகலாம். கருச்சிதைவான முயல் தின்றுகொண்டு சுறுசுறுப்பாக இருந்தால் அமைதியாக விட்டுக் கண்காணித்தால் போதும். தின்னாமல் ஒடுங்கினாலோ, கசிவு நாறினாலோ, உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. மருத்துவர் பார்க்கவேண்டும். வெளிவந்த கருவை வெறுங்கையால் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தக் கூண்டுப் பக்கம் போகவே வேண்டாம். முயலின் கருச்சிதைவுக்குக் காரணமான லிஸ்டீரியா போன்ற கிருமிகள் மனிதக் கருவையும் தாக்கும்.

கடைசி வாரத்தில் தீவனத்தைத் தொடவில்லை

இந்தக் கட்டுரையில் அவசரமாகப் படிக்கவேண்டிய பகுதி இதுதான். ஈனுவதற்கு முந்திய ஓரிரு நாளில் முயல் தீவனத்தைக் குறைப்பது இயல்பு. ஆனால் அப்போது அது விழிப்பாக இருக்கும், பச்சிலை கொடுத்தால் நுனியையாவது கடிக்கும், புழுக்கை போடும், கூடு கட்டுவதில் மும்முரமாக இருக்கும். அதற்கு மாறாக, முழுவதுமாகத் தீவனத்தை நிறுத்திவிட்டு, மூலையில் சோர்ந்து உட்கார்ந்து, நடக்கும்போது தடுமாறினால் அது சினைக்கால நச்சுநிலை. வயிற்றில் குட்டிகள் வேகமாக வளரும் நேரத்தில் தின்பது போதாமல் போக, உடல் தன் கொழுப்பையே கரைக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் தேங்குகின்றன, ஈரலில் கொழுப்பு படிகிறது. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரலாம். வலிப்பு வந்துவிட்டால் பிழைப்பது கடினம்.

கொழுத்த முயல்களுக்கும் தலையீற்று முயல்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. முயல் விழுங்கும் நிலையில் இருந்தால் குளுக்கோஸ் கரைத்த நீரை ஊசியில்லாத சிரிஞ்சியால் வாயோரம் துளித்துளியாகக் கொடுத்தபடியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாளை காலை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

தடுப்பது எளிது. முதுகெலும்பைத் தடவினால் முனைகள் மெல்லத் தட்டுப்படவேண்டும். தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்த முயலை, இளைத்த பிறகே இணை சேர்த்துவிடுங்கள். சினையின் முதல் பாதியில் சத்து மிகுந்த தானியக் கலவையான அடர்தீவனத்தைக் கூட்டவேண்டாம். கடைசிப் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சினை முயலை ஒருவேளைகூடப் பட்டினி போடக்கூடாது, தீவனத்தைத் திடீரென மாற்றவும் கூடாது.

32 ஆம் நாளும் கடந்துவிட்டது

முயல் தின்கிறது, துள்ளுகிறது என்றால் 33 ஆம் நாள் வரை காத்திருக்கலாம். குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தால் சினைக்காலம் நீளும், குட்டிகளும் பெரிதாகும். அதனால்தான் ஒன்றிரண்டு குட்டி மட்டும் சுமக்கும் தலையீற்று முயல் அதிகம் சிரமப்படுகிறது. 33 ஆம் நாள் முடிந்தும் அசைவில்லை என்றால் மருத்துவர் தடவிப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ முடிவு செய்யட்டும். 34 நாளைத் தாண்டிய குட்டி உயிரோடு பிறக்கும் வாய்ப்பு குறைவு. இறந்த குட்டி உள்ளே தங்கினால் தாய்க்கும் ஆபத்து.

தடவிப் பார்த்து வயிற்றில் எதுவுமே இல்லை என்று தெரிந்தால் சினையே பிடித்திருக்காது. வெயில் கடுமையான நாட்களில் இது சகஜம். வெப்பத்தில் ஆண் முயலின் விந்து கெட்டுவிடும், அது மறுபடி சரியாவதற்கு இரண்டு மாதம்வரை ஆகலாம். பெண்ணின் மேல் பழி போடுவதற்கு முன் ஆணையும் பாருங்கள்.

முக்குகிறது, குட்டி வரவில்லை

முயல் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஈனும். எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே அரை மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து முக்கியும் ஒரு குட்டிகூட வரவில்லை என்றால் அது தடை. குட்டி எதுவும் வராமலே பச்சையோ பழுப்போ கலந்த கசிவு வருவதும் தடையின் அடையாளம். மாறாக, சில குட்டிகள் பிறந்து, தாய் முக்காமல் நிதானமாக இருந்து, சில மணி நேரம் கழித்து மீதியை ஈனுவதும் உண்டு. அதற்குப் பதற வேண்டாம்.

தலை முன்னால் வந்தாலும் பின்னங்கால் முன்னால் வந்தாலும் முயலுக்கு இரண்டும் இயல்பான வரத்துதான். குட்டியின் பாதி வெளியே தெரிந்து நின்றுவிட்டால் மட்டும் நீங்கள் உதவலாம். கைகளை நன்றாகக் கழுவி, நகம் படாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த வழவழப்பு ஜெல்லியைக் குட்டியைச் சுற்றித் தடவுங்கள். சுத்தமான ஈரத்துணியால் குட்டியின் உடலைப் பிடித்து, தாய் முக்கும் கணத்தில் மட்டும், வெளியேயும் தாயின் வயிற்றுப் பக்கமாகக் கீழேயும் வளைத்து இழுங்கள். தாய் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ஒரு காலை மட்டும் பிடித்து இழுத்தால் கால் போகும், குட்டி வராது. உள்ளே விரல் விட்டுத் தேடுவது உங்கள் வேலை அல்ல.

கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியைத் தாமே வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். மிகவும் கவலை தரும் பழக்கம் இது. குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசி கருப்பையை இறுக்கினால் கருப்பை கிழிந்துவிடக்கூடும். தடை எங்கே இருக்கிறது, அதற்கு முன் கால்சியம் தேவையா, அறுவைச் சிகிச்சைதான் வழியா என்பதையெல்லாம் பார்த்த பிறகு மருத்துவர் தீர்மானிக்கவேண்டியது அது.

குட்டிகள் கம்பி வலையில் சிதறிக் கிடக்கின்றன

தலையீற்றில் குட்டிகள் சாவதற்கு அடிக்கடி காணும் காரணம் இதுதான். முயல் முடியும் பிடுங்கவில்லை, பெட்டிக்குள்ளும் ஈனவில்லை, கண்ட இடத்தில் போட்டுவிட்டது. இதில் தாயின் கெட்ட குணம் எதுவும் இல்லை. கூடு கட்டும் உந்துதலும் ஈற்றும் முதல் முறையில் பலவேளை ஒரே நேரத்தில் கூடிவருவதில்லை, அவ்வளவுதான். அடுத்த ஈற்றில் அதே முயல் அழகாகக் கூடு கட்டும்.

முதலில் குட்டிகளைச் சூடாக்குங்கள், பெட்டியைப் பிறகு பார்க்கலாம். பிறந்த குட்டிக்கு முடியில்லை, தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. சில்லிட்ட குட்டி அசையாமல், நீலம் பாரித்து, செத்தது போலவே கிடக்கும். சூடாக்கிப் பார்க்காமல் ஒரு குட்டியையும் செத்ததாகக் கணக்கெழுதாதீர்கள். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது நல்ல வழி. மிகவும் சில்லிட்டிருந்தால் 38 பாகை செல்சியஸ் அளவுள்ள வெதுவெதுப்பான நீரில், தலை மட்டும் வெளியே இருக்கும்படி கையில் ஏந்திப் பிடித்து, அசைவு வந்ததும் எடுத்து ஈரம் சற்றும் இல்லாமல் துடையுங்கள். அடுப்புப் பக்கத்திலும் நேரடி விளக்கின் அடியிலும் வைத்தால் மெல்லிய தோல் வெந்துவிடும். சூடேறாத குட்டிக்குப் பால் புகட்டவும் கூடாது, அதன் வயிறு செரிக்காது.

அதன் பிறகு பெட்டி. நடுத்தர இனத்துக்கு 45 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் போதும். தாய் உள்ளே திரும்ப முடிந்தால் சரி, படுத்துப் புரள இடமிருந்தால் பெட்டி பெரிது. முன்பக்க விளிம்பு சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், காம்பைக் கவ்வியபடி தாயோடு வெளியே இழுபடும் குட்டிகள் குறையும். அடியில் மரத்தூள், மேலே மென்மையான வைக்கோல் நிறைய, நடுவில் ஒரு குழி. தாய் முடி பிடுங்கியிருக்காவிட்டால் நீங்களே பிடுங்கலாம். ஈற்று நேரத்தில் வயிற்று முடி தளர்ந்திருக்கும், விரலால் இழுத்தாலே வலியின்றி வந்துவிடும். காம்புகளைச் சுற்றி எடுத்தால் குட்டிகளுக்குக் காம்பும் எளிதில் கிட்டும்.

பெட்டியை 28 ஆம் நாளில் வையுங்கள். முன்கூட்டி வைத்தால் கழிப்பிடமாக்கிவிடும். முயல் எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறதோ அந்த மூலையில் வைக்காதீர்கள்.

மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயத்தில் குட்டிகளைத் தொடாமல் விட்டுச் சாகக் கொடுப்பவர்கள் பலர். கூண்டில் பழகிய முயல் உங்கள் வாசனைக்காகக் குட்டியை ஒதுக்காது. கழுவிய கையைத் தாயின் மேல் ஒருமுறை தடவிவிட்டுக் குட்டியைத் தொடுங்கள், அது போதும்.

குட்டியைத் தின்றுவிட்டது

நஞ்சுக்கொடியையும் பனிக்குடப் பையையும் தின்பது எல்லாத் தாய் முயல்களும் செய்வது. தொப்புள்கொடியைக் கடிக்கும் அந்த அவசரத்தில் தலையீற்று முயல் சற்று அதிகமாகக் கடித்துக் காதையோ காலையோ எடுத்துவிடுவதும் உண்டு. செத்துப் பிறந்ததைத் தின்று கூட்டைச் சுத்தப்படுத்துவதும் உண்டு. உயிருள்ள, முழுக் குட்டிகளைத் தின்றிருந்தால் மூன்றைச் சோதியுங்கள்: அன்றிரவு தண்ணீர் இருந்ததா, நாயோ பூனையோ எலியோ மிரட்டியதா, ஆட்கள் கூடி நின்று பார்த்தார்களா. ஈற்று நேரத்தில் முயலுக்குத் தாகம் கடுமையாக இருக்கும், தண்ணீர்க் கிண்ணம் காலியாகவே கூடாது.

ஒருமுறை தின்றதற்காகத் தாயைக் கழித்துவிடாதீர்கள். எல்லா ஏற்பாடும் சரியாக இருந்தும் மூன்றாம் ஈற்றிலும் அதையே செய்தால் அதை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம்.

தாய் பெட்டிப் பக்கமே போவதில்லை

பெரும்பாலும் இது பிரச்சினையே அல்ல. முயல் நாளுக்கு ஒருமுறை, சில சமயம் இருமுறை, மூன்று நான்கு நிமிடம் மட்டும் பாலூட்டிவிட்டு விலகிவிடும். இரவிலும் விடியலிலும் நடப்பதால் நீங்கள் பார்க்காமலே போகலாம். தாய் ஒதுங்கி இருப்பதே காட்டில் இரை தேடும் விலங்குகளின் மூக்கிலிருந்து கூட்டைக் காக்கிறது.

தாயைப் பார்க்காமல் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலின் அடியில் வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டதும் ஓயாமல் துள்ளும். காலையில் ஒருமுறை எண்ணி, செத்ததை எடுத்துவிட்டு, வயிறுகளைப் பார்த்து மூடிவிட்டால் போதும்.

வயிறு ஒட்டியிருக்கிறது

முதல் ஒரு நாள் பால் இறங்கத் தாமதமாகலாம், சூடாக இருக்கும் குட்டி அதைத் தாங்கும். இரண்டாம் நாளும் வயிறு ஒட்டியிருந்தால் தாயை உங்கள் மடியில் வைத்து, அமைதியான அறையில், குட்டிகளைக் காம்பருகே விட்டுக் குடிக்கவையுங்கள். தாயின் காம்பிலிருந்து வரும் ஒரு வாசனைப் பொருளே குட்டியைக் காம்பைத் தேடிக் கவ்வச் செய்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003 இல் அதை இனங்கண்டு வெளியிட்டார்கள். அதனால் தாயின் பால்மடியில் தைலமோ வாசனைக் களிம்போ பூசவே கூடாது. இப்படி நாளுக்கு இருமுறை, சில நாள் செய்தால் பெரும்பாலான தாய்கள் தாமே ஊட்டத் தொடங்கிவிடும்.

அதுவும் நடக்காவிட்டால் குட்டிகளை அதே வாரத்தில் ஈன்ற வேறு தாயிடம் சேர்த்துவிடுங்கள். வயது வித்தியாசம் மூன்று நாளுக்குள் இருக்கட்டும். புதிய கூட்டின் முடியில் குட்டியைப் புரட்டி, மற்றக் குட்டிகளின் நடுவில் வைத்துவிடுங்கள். முயலுக்குப் பொதுவாக எட்டு முதல் பத்துக் காம்புகள், அதற்கு மேல் குட்டிகளை ஏற்றாதீர்கள்.

கையால் பால் புகட்டுவது கடைசி வழி. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிடப் பல மடங்கு, சர்க்கரை குறைவு. பூனைக்குட்டிக்கான பால் பவுடர் ஓரளவு ஒத்துவரும், பசும்பால் ஒத்துவராது. குட்டியை மல்லாத்தாமல், துளித்துளியாக, அது நக்கும் வேகத்தில் கொடுங்கள். பால் நுரையீரலுக்குள் போனால் பிழைக்காது. புகட்டிய பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் கழிக்கும்.

மடி சிவந்து, சூடாக, கட்டியாக இருக்கிறது

மடிவீக்கம். காம்பைத் தொட்டால் தாய் துள்ளும், தின்னாது, காய்ச்சல் அடிக்கும், முற்றினால் தோல் நீலமாகும். பெட்டியின் கூரான விளிம்பு கீறியதும் அழுக்குப் படுக்கையும் வழக்கமான காரணங்கள். அன்றே மருத்துவம் வேண்டும். இந்தத் தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடாதீர்கள், கிருமி அந்த மடிக்கும் தாவும்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, முயலே செத்துப்போகும். முயலுக்குப் பழகிய மருத்துவர்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஈன்று சில நாளாகியும் கசிவு நிற்கவில்லை

முதல் ஓரிரு நாள் சிறிது இரத்தக் கறை இருக்கும். அதற்குப் பிறகும் நாற்றமுள்ள, சீழ் போன்ற கசிவு வந்தால் கருப்பையில் தொற்று, அல்லது ஒரு குட்டி உள்ளேயே தங்கியிருக்கிறது. இதைத் தள்ளிப்போட முடியாது.

எல்லாக் குட்டிகளும் போய்விட்டால் மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள், அடர்தீவனத்தைச் சில நாள் குறைத்துப் பால் வற்றவிடுங்கள். ஈன்ற மறுநாளே முயல் மறுபடி சினைப்படக்கூடும். அதை வாய்ப்பாக எண்ணி உடனே ஆணிடம் விடுபவர்கள் உண்டு. சிக்கலான ஈற்றுக்குப் பின் நான் அதை ஏற்கவே மாட்டேன். தாய் நன்றாகத் தின்று, எடை மீண்டு, கசிவு முற்றும் நின்றபின், மூன்று நான்கு வாரம் கழித்துச் சேர்த்தால் போதும்.